படிக்கும்போது வரும் வேகம் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். நர்ஸ் வேலை, மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. அப்பா காலமான பிறகு அவர் அலமாரியில் சுவாமி சிவானந்தரின் வாழ்க்கை வரலாறும் சில நூல்களும் கிடைத்தன. படிக்கப் படிக்க மனம் பொங்குகிறது. மூன்று நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஜபம் செய்கிறேன். நான்காம் நாள் விட்டுப்போகிறது. சிவானந்தர் டாக்டர் வேலையை உதறியதுபோல் நானும் உதறினால்தான் வழி பிறக்குமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, வேலையை விடாதீர்கள்.

மகான்களின் வரலாற்றைப் படிக்கும்போது நம் கண் அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே போய் நிற்கிறது. அதற்கு முந்தைய பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறோம். பத்தமடையில் 1887இல் குப்புசாமியாகப் பிறந்த சிவானந்தர் 1913இல் மலாயா போனார். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார். நம் முன்னோர் 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்ததுபோல அங்கே ரப்பர் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன ஏழைத் தமிழர்கள்தான் அவரிடம் வந்த நோயாளிகள். கையில் காசில்லாதவர்களுக்குத் தன் பணத்தைக் கொடுத்து அனுப்புவாராம். துறவு அங்கேயே முளைவிட்டுவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன். 1924இல் ரிஷிகேசத்தில் காவி உடுத்தியது அதன் பிறகு.

காவி உடுத்தியும் வைத்தியத்தை அவர் விடவில்லை. ரிஷிகேசத்துக்கு அருகே லட்சுமண்ஜூலாவில் சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் ஒரு சிறு மருந்தகம் நடத்தினார். மருந்து வாங்கிக்கொண்டு போன ஒரு யாத்திரிகருக்கு இன்னும் நல்ல மருந்து ஒன்று தரலாமே என்று இரவில் தோன்ற, மறுநாள் அவர் போன பாதையில் மைல்கணக்கில் விரைந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார் என்று சொல்வார்கள். உங்கள் வார்டில் இரவு இரண்டு மணிக்கு மூன்றாவது தடவை மணியடிக்கும் பாட்டியிடம் முகம் சுளிக்காமல் போய் நிற்கிறீர்களே, அந்த இடத்தில் வைத்து இந்தப் பக்கத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். உங்கள் சாதனைக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை.

நூல்கள் விஷயம். அவர் எழுதியவை 200-க்கும் மேல். எல்லாவற்றையும் படிக்க ஆசைப்படாதீர்கள். வேதாந்த நூல்களைக் கொஞ்ச நாள் அலமாரியிலேயே வைத்துவிட்டு, அவர் சீடர்களுக்குக் கொடுத்த ஆன்மிக நாட்குறிப்பை எடுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மாலை ஜபம், எத்தனை முறை கோபப்பட்டாய், எத்தனை பொய் சொன்னாய் என்று நாள்தோறும் கட்டம் கட்டி நிரப்பச் சொல்லும் அட்டவணை அது. படிக்கும்போது வருகிற மன எழுச்சிக்கு ஆயுள் குறைவு. அந்தக் கட்டங்களுக்கு முன் தினமும் உட்கார்ந்தால்தான் குரு சொன்னது நம் உடம்பில் இறங்கும்.

நைட் டியூட்டி பார்க்கிறவருக்கு விடியற்காலை நான்கு மணி ஒத்துவராது. வீட்டுக்கு வந்து குளித்ததும் ஒரே ஒரு மாலை ஜபம். படுப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அரைப் பக்கம் மந்திரம் எழுதுங்கள். இப்படி எழுதிச் செய்யும் லிகித ஜபத்தைச் சிவானந்தர் மிகவும் வலியுறுத்தியவர். தூக்கத்தைக் குறைக்காதீர்கள், நோயாளியின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது.

தனியாகச் செய்வது கடினம் என்று தோன்றினால் டர்பனில் ரிசர்வாயர் ஹில்ஸ் சிவானந்த ஆசிரமத்துச் சத்சங்கத்துக்குப் போய் வாருங்கள். அந்த ஆசிரமமே ஒரு புத்தகத்தால் வந்ததுதான். நேட்டாலில் பிறந்த ஓர் இளைஞர் சிவானந்தரின் நூலைப் படித்து, 1948இல் ரிஷிகேசம் போய் அவரைத் தரிசித்துத் திரும்பி, மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவில் சிவானந்தரின் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் சுவாமி சகஜானந்தர் என்று நாம் வணங்கியவர் அவரே. ஜபத்தோடு நிற்காமல் ஜூலு மக்கள் வாழும் பகுதிகளில் பள்ளிக்கூடங்கள் கட்டித் தரும் பணியையும் அந்தச் சங்கம் செய்தது. அங்கே சேவைக்கு ஆள் எப்போதும் வேண்டும், உங்களுக்கும் துணை கிடைக்கும்.

மூன்று மாதம் நாட்குறிப்பை நிரப்பிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். விட்டுப்போன நாட்களின் கட்டத்தையும் காலியாகவே விட்டு வையுங்கள், பிறகு உட்கார்ந்து நிரப்ப வேண்டாம்.