மட்டக்களப்பு வாவிக்கரையில் மலிவாகக் காணி கிடைக்கிறது. நிரப்பி வீடு கட்டலாமா?

நீங்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு, தரகர் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். அவை வெயில் காலத்துப் படங்களாகத்தான் இருக்கும். என் பதில்: வாங்க வேண்டாம்.

வாவியோரமாக உள்ள நொச்சிமுனையில் எங்கள் வளவுக்குக் கீழே கண்ணா என்னும் கண்டல் மரங்கள் அடர்ந்த சதுப்பு ஒன்று இருந்தது. மூச்சுவேர்கள் ஆணி அடித்தாற்போல் சேற்றில் நிமிர்ந்து நிற்க, அவற்றினிடையே மாமி அத்தாங்கு போட்டு இறால் எடுப்பார். கடலில் பொரிக்கும் இறாற்குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து, இத்தகைய சேற்றில் ஒளிந்து வளர்ந்த பின்னரே கடலுக்குத் திரும்புகின்றன. போர்க்காலத்தில் பாதுகாப்புக் காரணம் சொல்லி வாவியோரக் கண்டற்காடுகள் பல இடங்களில் வெட்டப்பட்டபோதும் அந்தத் துண்டு தப்பியது. சண்டை ஓய்ந்த பின் தப்பவில்லை. ஒருவர் வாங்கினார், சதுப்பை நிரப்ப இரவில் டிப்பர்களில் கிறவல் மண் வந்தது, மதிலும் எழுந்தது. முறைப்பாட்டுடன் போன என்னை ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்ப, அது முதலாவதற்கே திருப்பி அனுப்பியது.

2011 தை மாத வெள்ளத்தில் எங்கள் குசினிக்குள் தண்ணீர் நின்றது. அந்த ஆண்டின் மழை வழமைக்கு மாறானது. ஆகவே பழி முழுவதையும் அந்த மதிலின் மேல் சுமத்த மாட்டேன். ஆனால் சாதாரண மாரியிலும் இப்போது எங்கள் பின்வளவில் நீர் தேங்குகிறது. முன்னர் அப்படி இருந்ததில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவிக்குப் அதன் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களிலிருந்து வடிநீரும் குளங்கள் நிரம்பி வழியும் வான்நீரும் வந்து சேர்கின்றன. பாலமீன்மடுவில் முகத்துவாரத்தை அடைத்த மணல்திட்டு வெட்டப்படும் வரை, அவ்வளவு நீரும் கரையோரச் சதுப்பில்தான் பரவி நிற்க வேண்டும். சதுப்பை நிரப்பினால் அந்த நீர் அயலவரின் வளவுக்குள் ஏறும்.

“நீயும் வாவிக்கரையில்தானே இருக்கிறாய்?” என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறேன், எங்கள் வீடு மேட்டு நிலத்தில் கட்டப்பட்டது, ஒரு கூடை கிறவல்கூடக் கொட்டியதில்லை. மட்டக்களப்பு பாடும் மீன்களின் ஊர் என்று வளைவு கட்டிப் பெருமை பேசும் நம்மவர்கள், எந்த மீனும் குஞ்சாக வளர இடம் வேண்டுமே என்று பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆசை விடவில்லையென்றால், காணி உறுதிப் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் மார்கழியில் யாரையாவது அனுப்பிக் காணியைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் எதுவரை வரும் என்பதைத் தரகரிடமன்றிப் பக்கத்து வளவுக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள்.