மேடை நடுக்கம்: கேட்டவர்களுக்குப் பதில்

கடலூரில் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறேன். மேடை பயம், புகழின் பாரம் பற்றி வந்த கேள்விகள் இவை.

மஞ்சக்குப்பம் மாணவி: மேடையேறினால் வாய் உலர்ந்துவிடுகிறது, மேல் ஷட்ஜத்தில் (உச்ச 'ஸ'வில்) கார்வை, அதாவது சுரத்தை நீட்டிப் பிடிப்பது, நிற்பதில்லை. வீட்டில் நிற்கிறது.

குரல் கெடவில்லையம்மா. பயத்தில் அட்ரினலின் சுரக்கும். வாய் வறளும், மூச்சு மேலோடு நின்றுவிடும். ஏறுவதற்கு முன் ஐந்து நிமிஷம், இழுப்பதைவிட நீளமாக மூச்சை விடு. பயிற்சியில் பாடிப் பழகிய உருப்படியான வர்ணத்தில் தொடங்கு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறையில் அது முதலில் நிற்பதன் அருமை மேடையில்தான் புரியும். இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) பாடிப் பாடி நாக்கில் ஊறியது. அது முடிவதற்குள் உடம்பு அடங்கிவிடும். புதுக் கிருதியை முதலில் வைக்காதே.

வில்லியனூர் வயலின்காரர்: வில் நடுங்குகிறது. நண்பர் படபடப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை போடச் சொல்கிறார்.

டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். படபடப்பும் நடுக்கமும் குறையும், உண்மைதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழல் இறுகிவிடும். உயிருக்கே ஆபத்து.

நெய்வேலி மிருதங்க மாணவர்: கை நடுக்கத்துக்கு மாத்திரை உண்டா?

வயலின்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள் தம்பி. டாக்டரைக் கேளுங்கள்.

சிதம்பரம் ரசிகர்: புல்லாங்குழல் மாலி கச்சேரியில் பாதியில் எழுந்து போவார். மேதைக்கு அதுதானே அழகு?

இல்லை. அந்த வாசிப்பைக் கும்பிடுகிறேன். எழுந்து போனதைக் கதையாக ரசிப்பதைத்தான் தாங்க முடியவில்லை. பக்கவாத்தியக்காரர் வீட்டில் அன்று உலை வைக்க வேண்டாமா? மேடை வேண்டாமென்றால் விலகலாம். பியானோ மேதை ஹொரோவிட்ஸ் 1953இல் விலகி 1965இல்தான் திரும்பினார். இன்னொரு பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964இல், 31 வயதில் மேடையை விட்டார், ஒலிப்பதிவை விடவில்லை.

அவரே மீண்டும்: பக்கவாத்தியத்துக்கு இரங்குகிறீர்கள், மேதையின் மனசுக்கு இரங்கவில்லையே?

இரங்குவதால்தான் சொல்கிறேன். மாலி சிறுபிள்ளையாக மேடையேறியவர். தவித்த மனிதரின் தவிப்பை நாம் அழகு என்கிறோமே, அதுதான் கொடுமை.

தவில்காரர், விருத்தாசலம்: கச்சேரி முடிந்தால் தூக்கமே இல்லை. குடித்தால்தான் வருகிறது.

அண்ணே, இதற்குப் பாட்டு வாத்தியார் போதாது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, இந்த வாரமே போங்கள். தூக்க மாத்திரையையும் மதுவையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

காரைக்கால் பாடகர்: டிசம்பர் சீசனில் வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்?

என் துறை இல்லை.

நெல்லிக்குப்பம் தாய்: எட்டு வயது மகள் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் வாந்தி எடுக்கிறாள். நிறுத்தலாமா?

போட்டியை நிறுத்துங்கள், பாட்டை வேண்டாம். வாந்தி தொடர்ந்தால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த வருஷம் மேடை வேண்டுமா என்று அவளையே கேளுங்கள். வேண்டாமென்றால் கோபப்படாதீர்கள்.