‘ரூபன் பிராண்ட், கலெக்டர்’ படத்தில் அந்தத் திருடி எதற்காக ஓவியங்களைத் திருடுகிறாள்?

பணத்துக்காக இல்லை, வைத்தியத்துக்காக! 2018இல் மிலோராட் கிர்ஸ்டிச் இயக்கிய ஹங்கேரி அனிமேஷன் படம் இது. நாயகன் ரூபன் மனநல சிகிச்சையாளர். இத்தாலிய ஓவியர் போட்டிசெல்லி வரைந்த வீனஸ் தேவதை உட்பட 13 புகழ்பெற்ற ஓவியங்களில் உள்ளவர்கள் கனவில் வந்து அவரைத் தாக்குகிறார்கள். அந்த ஓவியங்களைக் கைப்பற்றிவிட்டால் பயம் தெளியும் என்று அவரிடம் சிகிச்சை பெறுபவர்களே திருடக் கிளம்புகிறார்கள். அவர்களில் ஒருத்திதான் அந்தத் திருடி மிமி. அவளைத் தேடி அலையும் துப்பறிவாளர் கோவால்ஸ்கி.

பாரிஸ் தெருக்களில் இவர் அவளைத் துரத்தும் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். படத்தில் வருபவர்களில் சிலருக்குக் கண்கள் அதிகம், சிலருக்கு முகமே இரண்டு, ஓவியர் பிக்காசோவின் சாயல். முதலில் உறுத்தும், அப்புறம் பழகிவிடும். கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள்.