கண்ணீர் பாட்டுக்கா, வயதுக்கா?

கேள்வி: பழைய பாட்டு ஒன்று காதில் விழுந்தால் போதும், கண் கலங்கிவிடுகிறது. 1961-இல் வந்த பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் படப் பாடல்களுக்கு ஈடாக இன்றுவரை ஏதாவது வந்திருக்கிறதா? இப்போது வருவதெல்லாம் இரைச்சல். பாடுகிறவர்களுக்குத் தமிழே தெரியவில்லை. பேரனிடம் சொன்னால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறான். நிலைமை இப்படியிருக்க, உங்கள் இதழில் மட்டும் புதுப் பாட்டுகளுக்குப் பக்கம் பக்கமாக ஏன் விமர்சனம்?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: உங்கள் கண்ணீரை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பாட்டு உயர்ந்தது என்பதற்கு அதைச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்களே, அதுதான் இடிக்கிறது. 1961-இல் உங்களுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. பரவாயில்லை, யூகிக்கிறேன். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளில் இருந்திருப்பீர்கள், அல்லது அப்போதுதான் முடித்திருப்பீர்கள். ஒருவருடைய வாழ்க்கையில் ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வயதில் கேட்ட பாட்டுக்கும் அதே சலுகை உண்டு. ஆக, அந்தக் கண்ணீரில் விஸ்வநாதன்-ராமமூர்த்திக்கும் கண்ணதாசனுக்கும் ஒரு பங்கு, உங்கள் பதினாறு வயதுக்கு ஒரு பங்கு. எது பெரிய பங்கு என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒன்று செய்து பாருங்கள். உங்களைக் கலங்கடிக்கும் பாட்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று ஒருமுறை வரிவரியாகக் கவனியுங்கள். நினைவுக்கு வருவதற்கும் அந்த வரிகளுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. கல்யாண வீட்டு மைக் செட்காரர் கையில் அகப்பட்ட ரெக்கார்டை எல்லாம் போடுவார், நடுவில் ஒரு பிரிவுச் சோகப் பாட்டும் வந்துவிடும், யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். அன்று பந்தலில் ஓடி விளையாடிய பையனுக்கு இன்றைக்கும் அந்தச் சோகப் பாட்டைக் கேட்டால் சந்தோஷம்தான் வரும். கவிஞர் ராத்திரி கண்விழித்து எழுதிய துக்கம் அவனிடம் செல்லுபடியாகவில்லை. கேசட் காலத்து ஆட்கள் இன்னும் ஒரு படி மேலே. பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய 90 நிமிடக் கேசட்டில் எந்தப் பாட்டுக்கு அடுத்து எது என்பது மண்டையில் அப்படியே பதிந்துபோய், இன்றும் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததன் ஆரம்ப இசை மனதுக்குள் தானாக ஓடும். அந்த இரண்டு பாட்டுக்கும் படம் வேறு, இசையமைப்பாளர் வேறு. பக்கத்தின் கடைசிப் பாட்டு டேப் தீர்ந்துபோய்ச் சரணத்தின் நடுவே அறுந்திருக்கும், முழுப் பாட்டையும் கேட்கும்போது அந்த இடத்தில் ஏதோ இடறும். இதெல்லாம் பாட்டின் பெருமையா என்ன? கேட்டவருடைய சொந்தச் சரித்திரம் அது.

அடுத்தது, பொற்காலம். அந்தப் பொற்காலத்தில் இருந்த பெரியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 1952-இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி, அகில இந்திய வானொலியில் அதை ஏறக்குறைய இல்லாமலே செய்தார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா, முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கித்தான் அரசாங்கம் சமாளித்தது. நீங்கள் இன்று தெய்வீகம் என்கிற சரக்கைத்தான் அன்று வாசலோடு நிறுத்தினார்கள். அப்புறம் 1976-இல் இளையராஜா இசையமைத்த அன்னக்கிளி வந்தபோது, எம்.எஸ்.வி. எங்கே இது எங்கே என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. 1992-இல் ஏ.ஆர். ரகுமானின் ரோஜா வந்தபோது இளையராஜாவை வைத்து அதே வசனம். இன்று ரோஜா பாட்டைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு நரை கண்டுவிட்டது, அவர்களும் உங்களைப் போலவே எனக்குக் கடிதம் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். வருடத்தை மட்டும் மாற்றினால் கடிதம் அதே கடிதம்.

1961 பெரிய வருடம்தான், மறுக்கவில்லை. நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே இயக்குநர் பீம்சிங், ஒரே நடிகர் சிவாஜி, ஒரே இசை இரட்டையர் என்று ஒரே வருடத்தில் வந்தவை. ஆனால் அந்த வருடம் வந்த மற்றப் படங்களின் பாடல்களில் எத்தனை உங்கள் வாயில் வருகிறது? பேசும் படம் வந்த புதிதில் ஒரே படத்தில் டஜன் கணக்கில் பாட்டு இருந்தது, அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று முணுமுணுக்க ஆள் இல்லை. அறுபது வருடம் சலித்துச் சலித்து மிஞ்சியதை ஒரு கையிலும், போன வெள்ளிக்கிழமை வந்த அத்தனையையும் மறு கையிலும் வைத்துக்கொண்டு எடை போட்டால் தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று கேட்கவும் வேண்டுமா.

தமிழ் தெரியாதவர்கள் பாடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி சரி. பி. சுசீலா விஜயநகரத்துக்காரர், தாய்மொழி தெலுங்கு. பி.பி. ஸ்ரீநிவாஸ் காக்கிநாடா. எஸ். ஜானகிக்கும் எஸ்.பி.பி.க்கும் தெலுங்குதான். தமிழ் உச்சரிப்புக்கு உதாரணமாக நாம் காட்டுகிற டி.எம். சௌந்தரராஜன் மதுரைக்காரர், ஆனால் வீட்டில் பேசும் மொழி சௌராஷ்டிரம். எம்.எஸ். விஸ்வநாதனோ பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி. ஆக, பிறந்த மொழியில் கோளாறு இல்லை. அன்று லகர ளகர ழகரம் பிசகினால் திருத்த ஆள் பக்கத்தில் இருந்தார், திருத்திக்கொள்ளும் கட்டாயமும் பாடகருக்கு இருந்தது, ஏனென்றால் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள், ஒருவர் சறுக்கினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. இன்று ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எடுத்து ஒட்ட முடிகிறது, சுருதியைக் கூட அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ‘பள்ளம்’ ‘பல்லம்’ ஆனதைக் கவனித்து, நிறுத்து, இன்னொரு தடவை பாடு என்று சொல்ல அந்த அறையில் யாரும் இல்லாமல் போய்விடுகிறது. இதற்குப் பாடகரைத் திட்டுகிறோம், பாட வைத்தவரை விட்டுவிடுகிறோம். அன்றைய பதிவில் குரல் முன்னால் நிற்கும், வாத்தியங்கள் ஒதுங்கி வழிவிடும், அதனால் சொல் சொல்லாக விளங்கும். இது உண்மையான வித்தியாசம். ‘இரைச்சல்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல் இதை எழுதியிருந்தால் உங்கள் கடிதத்தைத் தனிக் கட்டுரையாகவே போட்டிருப்பேன். (மெட்டைப் போட்டுவிட்டு வார்த்தையைத் திணிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதாததற்கு நன்றி. மற்றவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். கண்ணதாசனும் எத்தனையோ பாட்டை மெட்டைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.)

பேரன் விஷயம். அவன் கேட்கவே மாட்டேன் என்கிறான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்சல் என்ற ஆய்வாளர் இன்னொருவருடன் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு 1955-இலிருந்து வந்த ஆங்கில வெற்றிப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் வயதுப் பாட்டோடு, தங்கள் பெற்றோர் இளமையாக இருந்தபோது வந்த பாடல்களையும் அந்தப் பிள்ளைகள் நன்றாக அடையாளம் கண்டார்கள், அவற்றோடு சொந்த நினைவுகள்கூட இருந்தன. 1960-களின் பாட்டும் அப்படியே அவர்களிடம் கூடுதலாக எடுபட்டது. தாத்தா பாட்டி வீட்டில் கேட்டதாலா, அந்தக் காலப் பாட்டே நிஜமாக நன்றாக இருந்ததாலா என்று இரண்டு காரணத்தையும் அவர்கள் சொல்கிறார்கள். இரண்டாவது காரணத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சந்தோஷப்படலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முதல் காரணம் உங்கள் கையில் இருக்கிறது. வீட்டில் பாட்டைப் போடுங்கள், போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். “இதெல்லாம் உனக்கு எங்கே தெரியப்போகிறது” என்று ஆரம்பித்தால் எந்தப் பையனும் எழுந்து போய்விடுவான்.

சரி, இதழுக்கு வருவோம். புதுப் பாட்டு விமர்சனம் தொடரும், நிறுத்துவதாக இல்லை. வருவதில் பெரும்பகுதி தேறாது என்பது எங்களுக்கும் தெரியும், அதைச் சொல்வதற்கும்தான் விமர்சனம். பழைய பாட்டுக்கும் இடம் உண்டு, நீங்களே எழுதி அனுப்புங்கள். ஒரே ஒரு பாட்டு போதும். முன்னிசையில் எந்த வாத்தியம் வருகிறது, பல்லவியை இரண்டாம் முறை பாடும்போது எங்கே மாற்றிப் பாடுகிறார்கள், இசைத்தட்டில் இல்லாமல் படத்தில் மட்டும் வரும் சரணம் ஏதாவது இருக்கிறதா, தியேட்டர் வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தில் அச்சானதற்கும் பாடியதற்கும் எங்கே வேறுபடுகிறது, இந்த மாதிரி. அந்தப் புத்தகங்களில் ஒன்றிரண்டாவது உங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் என்று நினைக்கிறேன், கதைச்சுருக்கத்தை நடுவில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டிருப்பார்களே, அதுதான். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். ‘அந்தக் காலம் திரும்ப வருமா’ என்று முடித்திருந்தால் அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு மற்றதைப் போடுவேன்.