நான் ஏற்றாத செயலியில் என் பெயர் எப்படி வந்தது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ட்ரூகாலரை என் போனில் ஏற்றியதே இல்லை. ஆனால் நான் யாருக்குப் போன் போட்டாலும் 'தையல் அக்கா மாடி வீடு' என்று அவர்கள் திரையில் வருகிறதாம். முன்பின் தெரியாதவர்கள் ராத்திரியில் கூப்பிட்டு 'மாடி வீட்டு அக்காதானே?' என்கிறார்கள். இதை எப்படி எடுப்பது? நம்பரையே மாற்றிவிடலாமா?"

அந்தப் பெயரை வைத்தது நீங்கள் இல்லை. உங்களிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்த யாரோ, அடையாளத்துக்காகத் தன் போனில் அப்படிப் போட்டு வைத்திருக்கிறார். ட்ரூகாலரின் பட்டியல் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் தந்த தகவலால் ஆனது. ஆப் ஸ்டோர், ப்ளே ஸ்டோர் வழியாக வரும் செயலி தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொள்வதில்லை என்று நிறுவனம் சொல்கிறது. சரி, ஆனால் அழைப்பு முடிந்ததும் பெயரைப் பரிந்துரைக்கும் வசதி இருக்கிறதே! ஒருவர் தட்டினால் போதும்.

அந்தக் காலத்து டெலிபோன் டைரக்டரியில் இருந்தது நாம் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த பெயர். செல்போனுக்கு அப்படி ஒன்று கொண்டுவர 2004-ல் அமெரிக்காவில் முயன்றார்கள். பெரிய நிறுவனமான வெரிசான் வயர்லெஸ்ஸே சேர மறுத்தது. சந்தாதாரரின் சம்மதம் இல்லாமல் எண்ணைச் சேர்க்கக் கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டது. கடைசியில் அந்த டைரக்டரி வெளிவரவே இல்லை. அன்று வாசலில் தடுத்ததை, நாம் ஆளுக்கொரு பெயராகப் போட்டு நாமே கட்டிக் கொடுத்துவிட்டோம்.

இனி எடுக்கும் வழி. ட்ரூகாலரின் இணையதளத்தில் எண்ணை நீக்குவதற்கென்றே 'அன்லிஸ்ட்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. +91 சேர்த்து எண்ணைக் கொடுத்து உறுதி செய்யுங்கள். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் தேடலிலிருந்து போய்விடும். உங்களுக்குக் கணக்கு இல்லாததால் வேலை சுலபம். கணக்கு வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். செயலியை வெறுமனே அழித்தால் கணக்கு அப்படியேதான் இருக்கும். 1909-க்குப் போன் செய்து டிஎன்டியில் பதிவதையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டிஎன்டி விளம்பர அழைப்பைக் குறைக்கும், பெயரை எங்கிருந்தும் எடுக்காது.

சட்டப்படி அந்த வாடிக்கையாளர் மேல் புகார் கொடுக்க முடியுமா என்றால், 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் தகவலைத் தொடுவதில்லை. நாமே பொதுவில் போட்ட தகவலுக்கும் அது பொருந்தாது. முகநூலில் 'தைத்துத் தரப்படும்' என்று எண்ணோடு விளம்பரம் போட்டிருந்தால், முதலில் அதை எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களை அதிகம் பாதிக்கப்போவது இதுதான். சிம் வாங்கும்போது படிவத்தில் உள்ள பெயரையே அழைப்பில் காட்டும் 'சிஎன்ஏபி' என்ற ஏற்பாட்டை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. இதில் 'தையல் அக்கா' எல்லாம் வராது, படிவத்துப் பெயர்தான் வரும். நம் வீடுகளில் பெண்கள் வைத்திருக்கும் சிம் பாதிக்கு மேல் அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கிறது என்பது என் அனுபவம். நீங்கள் வாடிக்கையாளரைக் கூப்பிட்டால் அவர் திரையில் உங்கள் வீட்டுக்காரர் பெயர் வரும். அறிமுகமில்லாத ஆண் பெயரைப் பார்த்து எத்தனை பெண்கள் போனை எடுப்பார்கள்? உங்கள் பெயரில் வேறு ஓர் எண் இருந்தால், அதற்கு வரும் ஓடிபியைக் கொடுத்து, உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளை அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். இந்த எண் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், சேவை மையத்துக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரும் அடையாள அட்டையோடு கூட வருவது நல்லது.

நம்பரை மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாம் பழைய எண்ணில்தான் இருக்கிறார்கள். அதைவிட, புது எண் என்று கடையில் தருவது பல சமயம் புதிதே இல்லை. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். பழைய ஆள் கடன் வாங்கிக் கட்டாதவராக இருந்தால், வசூல்காரர்கள் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால், கடைக்காரர் காட்டும் எண்ணை அங்கேயே யாராவது ஒருவர் ட்ரூகாலரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு பெயர் வந்தால் வேறு எண் கேளுங்கள்.