குலுவுக்குப் போகுமுன்

வணக்கம் அக்கா,

நான் திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். வருகிற ஜூன் மாதம் உகண்டாவின் வடக்கிலுள்ள குலு என்ற ஊருக்கு எட்டு வாரப் பயிற்சிக்குப் போகிறேன். கிராமப் பெண்களின் சேமிப்புக் குழுக்களோடு வேலை செய்யும் ஓர் உள்ளூர் அமைப்பு அது. எங்கள் வீட்டில் வெளிநாடு என்றால் கனடாவும் லண்டனும்தான், ஆபிரிக்கா என்றதும் அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. என்ன கொண்டு போக வேண்டும், எதைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில், "நாங்களும் போரில் இருந்தவர்கள், நான் சின்ன வயதில் செட்டிகுளம் முகாமில் இருந்தேன், அதனால் அவர்களை எனக்கு விளங்கும்" என்று சொன்னேன். அதைக் கேட்டுத்தான் எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். இப்போது யோசித்தால் பயமாக இருக்கிறது. எட்டு வாரத்தில் நான் அவர்களுக்கு என்ன செய்துவிட முடியும்?

- திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி


அன்பின் தங்கைக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் வருகிறேன். எட்டு வாரத்தில் யாருடைய வாழ்க்கையையும் மாற்ற முடியாது, ஆனால் ஒரு சின்ன வேலையை முழுதாக முடிக்கலாம், அது நடக்கக்கூடிய காரியம். சுனாமிக்குப் பிறகு வடமராட்சி கிழக்கில் ஒரு நிறுவனத்துக்கு நான் மொழிபெயர்ப்பு வேலை செய்தேன். கனபேர் வந்தார்கள், நல்ல மனதோடுதான் வந்தார்கள். படிவம் நிரப்பினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அடுத்த மாதம் வேறொருவர் அதே படிவத்தோடு அதே வீட்டு வாசலில் நிற்பார், அதே பெண் தன் பிள்ளை கடலோடு போனதைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லுவா, நான் அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பெடியன், உங்கள் வயதுதான் இருக்கும், கடற்றொழிலாளர் சங்கத்துக் கணக்குப் புத்தகங்கள் தண்ணீரில் ஊறிப் போயிருந்ததைப் பார்த்துவிட்டு, இதைத் திரும்ப எழுதித் தரட்டுமா என்று சங்கத் தலைவரிடம் கேட்டான். இருந்த ரசீதுகளையும் ஆட்களின் ஞாபகத்தையும் வைத்து, சங்கக் காரியதரிசியோடு பக்கத்தில் இருந்து எழுதி முடித்தான். அவன் போன பிறகும் காரியதரிசி அதே முறையில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் இன்றைக்கும் அவனைப் பற்றி விசாரிப்பார்கள்.

ஆகவே போவதற்கு முதல் அந்த அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எனக்கு மேலே பொறுப்பாக இருக்கப்போவது யார், போன வருடம் வந்த மாணவர் என்ன செய்தார், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார். கடைசிக் கேள்விக்கு "ஒருவரும் செய்யமாட்டார்கள்" என்று பதில் வந்தால், அந்த வேலை உண்மையில் தேவைதானா என்று திரும்பக் கேளுங்கள். "இங்கே இருக்கிற ஒருவர் செய்வார்" என்றால் அவரோடு சேர்ந்து செய்யக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், நல்ல அமைப்பு இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் எழுதும்.

சேமிப்புக் குழு என்றபடியால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பெரும்பாலும் நடப்பது கிராமச் சேமிப்புக் கடன் சங்க முறை. 1991இல் நைஜர் நாட்டில் கெயார் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கி, பிறகு ஆபிரிக்கா முழுக்கப் பரவிய முறை. பதினைந்து முதல் இருபத்தைந்து பேர் வரை ஒரு குழு. வாராவாரம் கூடி ஆளுக்கு முடிந்த அளவு பங்கு வாங்குவார்கள், சேர்ந்த காசிலிருந்து தங்களுக்குள்ளேயே கடன் எடுப்பார்கள், செத்தவீடு, வருத்தம் என்று வந்தால் கொடுக்க ஒரு தனி நிதி இருக்கும். காசு ஓர் இரும்புப் பெட்டியில், பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று திறப்பும் மூன்று பேரிடம். வருட முடிவில் வட்டியோடு எல்லாவற்றையும் பங்குப்படி பிரித்துவிட்டு அடுத்த சுற்றைப் புதிதாகத் தொடங்குவார்கள். வெளியிலிருந்து ஒரு சதமும் வருவதில்லை என்பதுதான் இதன் பலம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009க்குப் பிறகு வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்த நுண்கடனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து காசு வந்தது, கிழமைக்குக் கிழமை வசூலிக்க ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தார், ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் கட்டமுடியாமல் நிலுவையில் வைத்திருந்த, ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. சேமிப்புக் குழு, நுண்கடன் இரண்டும் "பெண்களுக்குக் கடன்" என்று ஒரே பெயரில்தான் அறிக்கைகளில் வரும். கடன் ஒரு வீட்டுக்குள் வந்து என்ன செய்யும் என்று உங்களுக்குப் புத்தகத்தில் படிக்காமலே தெரியும், நேர்முகத் தேர்வில் நீங்கள் சொல்லியிருக்கலாம் என்று நான் நினைப்பது அதைத்தான். போவதற்கு முதல் உங்கள் ஊரில் சீட்டுப் பிடிக்கிற இரண்டு மூன்று அம்மாமாரிடம் இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்: கட்டமுடியாமல் போனவரை என்ன செய்வீர்கள், கணக்கு யார் எழுதுவது, சண்டை வந்தால் யார் தீர்ப்பது. குலுவிலும் உங்களுக்கு அதே கேள்விகள்தான் உதவும்.

போர் பற்றி. நீங்கள் பொய் சொல்லவில்லை. அங்கே 1987இலிருந்து ஏறக்குறைய இருபது வருடம் கிளர்ச்சிப் படைக்கும் அரசுக்கும் இடையில் அந்தப் பகுதியின் அச்சோலி இன மக்கள் நசுங்கினார்கள். பத்து இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் முகாம்களில் இருந்தார்கள். கடத்திப் போவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் பொழுதுபட்டதும் கிராமங்களிலிருந்து குலு நகருக்கு நடந்து வந்து கடை விறாந்தைகளிலும் ஆஸ்பத்திரி வளவிலும் படுத்தார்கள். 2006இல் தெற்குச் சூடானின் ஜூபாவில் பேச்சுவார்த்தை தொடங்கிய பிறகுதான் ஆட்கள் மெல்ல மெல்லக் காணிக்குத் திரும்பினார்கள், திரும்பினால் காணி எல்லைகளில் சண்டை. இதெல்லாம் உங்களுக்கு விளங்கும். ஆனால் அவர்கள் கண்ணுக்கு நீங்கள் முகாமிலிருந்து வந்த பிள்ளையாகத் தெரியமாட்டீர்கள், இந்தியராகத்தான் தெரிவீர்கள். உகண்டாவில் இந்தியர் என்றால் கடை முதலாளி. 1972இல் ஜனாதிபதி இடி அமீன் ஆசியர்களைத் தொண்ணூறு நாளில் வெளியேறச் சொன்ன கதையும், பிறகு திரும்பி வந்து வியாபாரம் நடத்துகிறவர்களின் கதையும் அந்தப் பார்வைக்குப் பின்னால் இருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அறையில் காசுள்ள ஆளாக நீங்கள் பார்க்கப்படுவீர்கள். அது வித்தியாசமான அனுபவமாக இருக்கும், கோபப்பட வேண்டாம். "எங்களுக்கும் போர்" என்று முந்திக்கொண்டு சொல்லவும் வேண்டாம். அவர்கள் உங்கள் ஊரைப் பற்றிக் கேட்கும்போது சொல்லுங்கள், கேட்பார்கள். யாரிடமும், குறிப்பாக உங்கள் வயதை விடக் கொஞ்சம் மூத்தவர்களிடம், அந்தக் காலத்தில் எங்கே இருந்தீர்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். எங்கள் தாய்மாரிடம் அப்படிக் கேட்டவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீங்கள்.

வாசிப்பதென்றால் லாச்சோர் ஆஸ்பத்திரியின் கதையைத் தேடி வாசியுங்கள். குலுவுக்குப் பக்கத்தில் 1959இல் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு எபோலா வந்தபோது, வந்திருப்பது என்ன நோய் என்று முதலில் கண்டுபிடித்து, ஊழியர்களைக் கட்டிக்காத்து நின்றவர் அங்கே பொறுப்பாக இருந்த டொக்டர் மத்தியூ லுக்வியா. அவரும் அச்சோலி. 224 பேரைக் கொண்டுபோன அந்த நோயிலேயே அந்த டிசெம்பரில் அவரும் இறந்துபோனார். நீங்கள் போவது ஏதுமில்லாத இடத்துக்கல்ல, இப்படியானவர்கள் வேலை செய்த இடத்துக்கு. அங்கே 2002இலிருந்து ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது, உங்கள் வயதுப் பிள்ளைகளைப் போய்ச் சந்தியுங்கள்.

மொழி: ஆங்கிலம் அலுவலகத்துக்குப் போதும், குழுக் கூட்டத்துக்குப் போதாது. அச்சோலி மொழியில் "அப்வோயோ" என்பது நன்றிக்கும் வணக்கத்துக்கும் ஆகும். "கோப் ஆங்கோ" (என்ன சங்கதி) என்று கேட்டால் "கோப் பே" (ஒரு சங்கதியும் இல்லை) என்று சொல்ல வேண்டும். நின்று சுகம் விசாரிக்காமல் நேரே விசயத்துக்குப் போவது அங்கேயும் மரியாதை இல்லை. சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள், குரக்கன்மாக் களியும், கச்சானும் எள்ளும் அரைத்துச் சேர்த்த கீரையும் யாழ்ப்பாண வாய்க்கு ஒத்துவரும். சட்டைகளில் ஒன்றிரண்டு கை நீளமாக இருக்கட்டும், ஜூன் ஜூலையில் இங்கே காண்டாவனம் முடிந்து புழுதி பறக்கும்போது அங்கே மழைக்காலம், ஊரும் ஆயிரம் மீற்றருக்கு மேலே. குடையும் ரோர்ச்சும் கட்டாயம். மோட்டார் சைக்கிள் ரக்சியில் தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள், இரவில் ஏறவே வேண்டாம். சுற்றுலா விசாவில் பயிற்சி செய்யலாமா என்பதை அந்த அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி அம்மாவின் பயம். அவவின் பயத்தில் ஒரு பாதிக்கு மருந்து இருக்கிறது, அதைச் சரியாகச் செய்து காட்டுங்கள். மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகண்டாவுக்குள் விடமாட்டார்கள், அந்த அட்டை இல்லாவிட்டால் திரும்பி வரும்போது கட்டுநாயக்காவிலும் பிரச்சினை. கொழும்பு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடலாம், முதலே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், ஆனால் ஆயுளுக்கும் ஒருதடவை போதும். அடுத்தது மலேரியா, இதுதான் உண்மையான ஆபத்து. எங்கள் நாட்டில் 2012க்குப் பிறகு அது உள்ளூரில் தொடர்ந்து பரவவில்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் தந்தது. அதனால் உங்கள் தலைமுறைக்கு அதன் பயமே தெரியாது. பயணம் போகிறவர்களுக்கு மலேரியா தடுப்பு இயக்கம் மருந்தை இலவசமாகத் தருகிறது, யாழ்ப்பாணத்திலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. சில மருந்துகளைப் புறப்பட இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும், ஆகவே கடைசி நேரத்தில் போகாதீர்கள். மனச்சோர்வுக்கு எப்போதாவது மருந்து எடுத்திருந்தால் அதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள், எந்த மருந்து தருவது என்பது அதில் மாறும். உகண்டாவில் நுளம்புவலைக்குள்தான் படுக்க வேண்டும். ஏரியிலோ தேங்கிய தண்ணீரிலோ குளிக்க வேண்டாம், நத்தையால் பரவும் ஒரு புழுநோய் அந்தத் தண்ணீரில் இருக்கலாம்.

நேர வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம்தான். அங்கே பின்னேரம் ஐந்தரைக்கு வேலை முடித்து எடுத்தால் அம்மா எட்டு மணிக்குச் சாப்பிட இருக்கும் நேரம். ஒரே நேரத்தில் எடுங்கள், எடுக்கமுடியாத நாட்களை முதலே சொல்லிவிடுங்கள், கிராமங்களில் தொடர்பு கிடைக்காமல் போகலாம். ஊருக்கு வந்த பிறகும் தந்த மருந்தைச் சொன்ன நாள்வரை விடாமல் குடியுங்கள். வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் டெங்கு என்று நினைத்து வீட்டில் பனடோலோடு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், உகண்டாவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள் என்று முதலில் சொல்லுங்கள். இதை அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.