சமாதானச் செலவு: வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம்.

நான் கோத்தகிரிப் பக்கம். பெயர் போட வேண்டாம். போன வருஷம் அப்பா தவறிவிட்டார், அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். உயில் எதுவும் இல்லை. இரண்டு ஏக்கர் தேயிலை, ஒரு வீடு, அவ்வளவுதான் சொத்து. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. பச்சை இலைப் பணத்தை மாதாமாதம் அண்ணனே எடுத்துக்கொள்கிறார் என்பது தம்பியின் கோபம். என் பங்கை விட்டுக் கையெழுத்துப் போட்டால் இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு சண்டையை முடித்துவிடுவார்கள் என்று சொந்தத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். சபைப் போதகரும் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டு, "சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள், அந்தப் பாக்கியம் உனக்குத்தான்மா" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. நான் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறேன். வம்புக்குப் போகாத பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டில் பீஸ்மேக்கர் என்று நானே எழுதியிருக்கிறேன். அதே பெயரில் துப்பாக்கி ஒன்று உண்டு என்று என் பையன் சொல்லிச் சிரிக்கிறான். சமாதானம் பண்ணுகிறவர் என்றால் விட்டுக்கொடுக்கிறவர் என்றுதான் அர்த்தமா?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சுருக்கமான பதில், இல்லை. நீளமான பதிலும் இல்லைதான், ஆனால் வழியில் சொல்ல நிறைய இருக்கிறது.

போதகர் சொன்ன வசனம் பைபிளில் மத்தேயு 5:9. அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி 23, 24 வசனங்களையும் அவர் படித்திருக்கலாம். பலிபீடத்துக்குக் காணிக்கையோடு வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்கு ஒரு மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்கிறது அது. யார் எழுந்து போக வேண்டும் என்று பாருங்கள். யார்மேல் குறை இருக்கிறதோ அவர். இலைப் பணம் யார் கையில் இருக்கிறதோ அவர். போதகர் போயிருக்க வேண்டிய வீடு உங்கள் வீடு இல்லை.

மத்தேயு 18இல் இது இன்னும் பச்சையாக வருகிறது. உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் தனியாகப் போய் அவனிடம் சொல், கேட்காவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல். மூன்று படியிலும் வேலை ஒன்றுதான், வாய் திறந்து பேசுவது. நான்காவதாக, அவன் கேட்டதைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள் என்று ஒரு படி அதில் கிடையாது. நம் வீடுகளில் நேரே அந்த நான்காவது படியில்தான் ஏறுகிறோம், அதுவும் பெண்பிள்ளையை முன்னால் விட்டு.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில், காணிக்கைக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது என்று ஒன்று வரும், உங்களுக்குத் தெரியாததில்லை. பீடத்திலிருந்து கைக்குக் கை வரிசையாக வரும். ஒருவர் வலது கையோடு இன்னொருவர் வலது கை, மேலே இடது கைகள். குன்னூரில் ஒரு சபையில், வேலித் தகராறில் கேஸ் நடத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சமாதானம் அந்தப் பெஞ்சுக்கு வந்ததும் முதலாமவர் அதை வாங்கி, பக்கத்தில் இருந்தவரை விட்டுவிட்டு, முன்னால் குனிந்து கையை நீட்டி மூன்றாவதாக இருந்த பாட்டிக்குக் கொடுத்தார். பாட்டி திரும்பி அதை நடுவில் இருந்தவருக்குக் கொடுத்தார். முறைப்படி எல்லாருக்கும் கிடைத்துவிட்டது. பின்வரிசையில் இரண்டு பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள். உங்கள் சொந்தக்காரர்கள் உங்களிடம் கேட்பது அந்தப் பாட்டி வேலைதான். ஒரே வித்தியாசம், பாட்டியிடம் யாரும் நிலம் கேட்கவில்லை.

பைபிளில் வரும் எரேமியா தீர்க்கதரிசி இதற்கு வைத்த பெயர் மேற்பூச்சு. சமாதானம் இல்லாதபோதே சமாதானம், சமாதானம் என்று சொல்லிக் காயத்துக்கு மேலே பூசுகிறார்கள் என்று அவர் திட்டியது ஆசாரியர்களையும் தீர்க்கதரிசிகளையும்தான்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். கிறிஸ்தவத்தில் சமாதானம் செலவில்லாமல் வந்ததே இல்லையே, சிலுவையில் சிந்தின இரத்தத்தினாலே சமாதானத்தை உண்டாக்கினார் என்று கொலோசெயர் நிருபத்தில் பவுல் சொல்கிறாரே, அப்புறம் நான் மட்டும் கணக்குப் பார்க்கலாமா என்று. சரியான கேள்வி. ஆனால் அங்கே சமாதானம் பண்ண வந்தவர் செலவைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். என் ஜீவனை ஒருவனும் என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே கொடுக்கிறேன் என்று யோவானில் இயேசு சொல்கிறார். உங்கள் வீட்டில் சமாதானம் பண்ண வந்தவர்கள் மாமா, சித்தப்பா, போதகர். செலவு உங்களுடையது. இது இரண்டும் ஒன்றா? போதகர் தன் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தம்பிக்குக் கொடுத்து நிலுவையைத் தீர்த்துவைத்திருந்தால் அவரைப் பாக்கியவான் என்று நானே எழுதுவேன்.

உங்கள் பையன் சொன்னது உண்மைதான். 1873இல் வந்த கோல்ட் ரிவால்வருக்குப் பீஸ்மேக்கர் என்று பெயர். அதற்கு முன்பே ஒரு பீரங்கிக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். 1844 பிப்ரவரி 28, பொட்டோமாக் ஆற்றில் பிரின்ஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் பெரிய மனிதர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் அதைச் சுட்டுக் காட்டினார்கள். பீரங்கி வெடித்துச் சிதறியதில் வெளியுறவு அமைச்சரும் கடற்படை அமைச்சரும் அங்கேயே செத்தார்கள். ஜனாதிபதி டைலர் கீழ்த்தளத்தில் இருந்ததால் பிழைத்தார். அப்படியும் ஆசை விடவில்லை, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பி-36 குண்டுவீச்சு விமானத்துக்கும் அதே பெயர்தான். பையன்கள் சிரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் எதிரே இருப்பவன் பேச முடியாமல் போனால் அதுவே சமாதானம் என்ற எண்ணம் துப்பாக்கிக்காரனுக்கு மட்டும் இருப்பதில்லை. பங்கை விட்டுவிட்டதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தை மேஜைமேல் வைத்துப் பேனாவை நீட்டுகிற மாமாவுக்கும் அதே எண்ணம்தான்.

நம் மலையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1964 அக்டோபர் 30 அன்று நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தோட்டத் தமிழர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று இரண்டு அரசுகளுக்கும் நடுவே பல வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த தகராறு அது, நல்லபடியாகவே முடித்துக்கொண்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த 9,75,000 இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஒருவரையும் அந்த மேஜைக்குக் கூப்பிடவில்லை. அப்படி இங்கே வந்தவர்களுக்காக 1968இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது, அதுதான் இன்றைய டேன்டீ என்கிற அரசுத் தேயிலை நிறுவனம். கோத்தகிரியிலும் கூடலூர்ப் பக்கத்திலும் அந்த லைன் வீடுகளைத் தாண்டித்தான் பஸ்ஸில் போகிறோம். ஊர் எது என்று கேட்டால் இன்றும் இலங்கையில் இருக்கிற பதுளை என்றும் அட்டன் என்றும் சொல்கிற கிழவிகள் அங்கே உண்டு. காகிதத்தில் எழுதியிருந்த ஊரை அவர்கள் பார்த்ததே இல்லை. இரண்டு பிரதமர்களையும் நான் வில்லன்கள் என்று சொல்ல வரவில்லை, சாஸ்திரி நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. சமாதானம் ஆனது இரண்டு பேருக்கு, செலவானது மூன்றாமவருக்கு, அவரை யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக் கணக்கும் அச்சு அசலாக இதுதானே?

அதே 1964இல் இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. நாகாலாந்தில் பாப்டிஸ்ட் சபைகள் முன்னின்று ஓர் அமைதிக் குழுவைக் கூட்டின. ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் சாலிஹா, மைக்கேல் ஸ்காட் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார், மூன்று பேர். தனிநாடு கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டு தலைமறைவாக இருந்த நாகர்களிடமும் போய்ப் பேசினார்கள், டெல்லியிடமும் பேசினார்கள். செப்டம்பர் 6 முதல் சண்டை நிறுத்தம் வந்தது. முடிவான சமாதானம் வரவில்லை, பேச்சு முறிந்தது, ஸ்காட்டை 1966இல் இந்திய அரசு நாட்டைவிட்டே அனுப்பியது. இப்படி நடுவே போய் நிற்பவருக்குக் கடைசியில் நல்ல பெயர் மிஞ்சுவது அபூர்வம். எல்லாருக்கும் உங்களை இப்போது ரொம்பப் பிடித்திருக்கிறது என்றால், கொஞ்சம் யோசியுங்கள்.

சொத்து விஷயம். உயில் எழுதாமல் போன கிறிஸ்தவருக்கு 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவியும் இல்லை என்றால் பிள்ளைகளுக்குச் சமபங்கு, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. ஆக மூன்றில் ஒன்று உங்களுடையது, யாரும் தயவு பண்ணித் தருவது இல்லை. இந்தச் சமபங்கு எல்லா இடத்திலும் சும்மா கிடைத்ததும் இல்லை. ஊட்டியில் தகப்பனார் விட்டுப்போன வீட்டில் பிள்ளைகளோடு இருந்த கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் மேரி ராயை, மகளுக்கு உரிமை இல்லை என்று வெளியேற்றப் பார்த்தார்கள். திருவிதாங்கூரின் 1916ஆம் வருடச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது! கூடப் பிறந்தவரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதை உடைத்தார். அவரைச் சமாதானம் பண்ணுகிறவர் என்று எந்தப் பிரசங்கத்திலும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன்.

அதற்காக உங்களையும் கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும்" எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்று பவுலே இரண்டு கடிவாளம் போட்டுத்தான் எழுதியிருக்கிறார். உங்களால் ஆனது, அண்ணனையும் தம்பியையும் ஒரு நாள் ஒரே அறையில் உட்காரவைப்பது. ஃபேக்டரியில் இலை போட்ட கணக்குப் புத்தகத்தையும் பட்டாவையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தம்பி தன் குறையை அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நீங்களும் உங்களுடையதைச் சொல்லுங்கள், உங்களுக்குக் கோபமே இல்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை. குரல் உயரும், யாராவது எழுந்து போகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. எல்லாம் பேசி முடிந்து, கணக்கும் தீர்ந்து, அதற்குப் பிறகும் தம்பிக்குக் கஷ்டம் அதிகம், என் பங்கில் கொஞ்சம் அவனுக்குப் போகட்டும் என்று உங்களுக்கே தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். அப்போது யாரும் வசனம் சொல்லித் தள்ள வேண்டியிருக்காது.

அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம். விடுதலைப் பத்திரம் ஒருமுறை பதிவாகிவிட்டால் திரும்ப வாங்குவது லேசில்லை. குடும்பத்துக்கு வேண்டியவராக இல்லாத ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.